பின்னால் வந்த கார் இடித்துவிட்டுத் தவறு நம்முடையது என்கிறது: திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு சிறு மோதல்

காலடிப்பேட்டை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பள்ளியில் பணிபுரிகிறேன். சென்ற வாரம் மாலையில் மாமியாரைக் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டு, அவரையும் காரில் அழைத்துக்கொண்டு திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். டோல்கேட்டைத் தாண்டி, மெட்ரோ பாதை தலைக்கு மேலே செல்லும் பகுதியில், சாலையின் இடப்புறம் ஒரு மீன்பாடி வண்டியை (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) நிறுத்திச் சிமென்ட் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதைச் சுற்றிச் செல்வதற்காக வலப்புற இண்டிகேட்டரைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, வலப்பக்கம் நகர்ந்தேன். முன்னால் வண்டிகள் தேங்கி நின்றதால் நானும் நின்றேன். நின்ற பிறகுதான் பின்னால் வந்த கார் என் வண்டியின் வலது பின்மூலையில் இடித்தது.

அந்தக் காரை ஓட்டி வந்தவர், நான் திடீரென்று குறுக்கே புகுந்துவிட்டதாகச் சொல்கிறார். கூட்டம் கூடியது. ஷேர் ஆட்டோவில் வந்தவர்களும் இறங்கி ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். பெண் ஓட்டினால் இப்படித்தான் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு மாமியார் அழத் தொடங்கினார். தம் காரைச் சரிசெய்ய 15,000 ரூபாய் அங்கேயே தர வேண்டும் என்று இடித்த காரை ஓட்டியவர் கேட்டார். நான் கொடுக்கவில்லை; தவறு என்னுடையது என்றும் சொல்லவில்லை. கைபேசி எண்களை மாற்றிக்கொண்டோம். இரண்டு வண்டிகளையும் நகர்த்துவதற்கு முன் சில படங்கள் எடுத்தேன். அப்போது யாருக்கும் காயமில்லை. ஆனால் மறுநாள் அவர் தொலைபேசியில் அழைத்து, தம் மனைவிக்குக் கழுத்து வலி இருப்பதாகவும், பணம் வரவில்லையென்றால் காவல் நிலையத்துக்குப் போகப்போவதாகவும் சொன்னார்.

நான் பணம் கொடுத்துவிட வேண்டுமா, இன்சூரன்ஸுக்குப் போக வேண்டுமா, காவல் நிலையத்துக்கு நானே போக வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முழுக் காப்பீடு இருக்கிறது. இதுவரை கிளெய்ம் எதுவும் வாங்காததால் 45 சதவீத நோ கிளெய்ம் போனஸும் (பிரீமியத்தில் தள்ளுபடி) இருக்கிறது.

ராயபுரம் கடலோரம்

சகோதரி, 15,000 கேட்பவர் பேசினால் 7,000 அல்லது 8,000 ரூபாய்க்கு இறங்கி வருவார். உங்களுக்கு வேலையும் வீடும் இருக்கின்றன. காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைந்தால் அதைவிட அதிகமாகச் செலவாகும், நிம்மதியும் போகும். கொடுத்து முடித்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. எங்கள் பகுதியில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் முடித்துக்கொள்கிறார்கள்.

ஓய்வுபெற்ற சர்வேயர்

அம்மா, விபத்தில் சேதமான வண்டிகளைக் காப்பீட்டுக்காக மதிப்பிட்ட அனுபவத்தில் சொல்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். யார்மீது தவறு என்பதைச் சாலையிலேயே தீர்த்துவிட வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சாலையில் அதைத் தீர்க்கவும் முடியாது, தீர்க்க வேண்டிய தேவையும் இல்லை. நடந்தது என்ன என்பதற்கான அடையாளங்களை அழியாமல் காப்பாற்றுவது ஒன்றுதான் அங்கே செய்ய வேண்டிய வேலை. அதை நீங்கள் செய்திருக்கிறீர்கள்.

உங்கள் காரைச் சரிசெய்வதற்குத் தவறு யாருடையது என்ற கேள்வியே எழாது. முழுக் காப்பீட்டில் ‘ஓன் டேமேஜ்’ என்று ஒரு பகுதி உண்டு. தவறு உங்களுடையதாக இருந்தாலும் அவருடையதாக இருந்தாலும் அந்தப் பகுதியிலிருந்து உங்கள் வண்டிக்குச் செலவைக் கொடுப்பார்கள். அவரிடம் முழுக் காப்பீடு இருந்தால் அவருக்கும் அதே வழி திறந்திருக்கிறது. அப்படியிருக்க அவர் உங்களிடம் ரொக்கம் கேட்கிறார் என்றால், அவரிடம் தேர்ட் பார்ட்டி காப்பீடு (மற்றவர்களுக்கு நேரும் இழப்பை ஈடுகட்டுவது) மட்டும் இருக்கலாம், அல்லது தம் போனஸை இழக்க அவருக்கு விருப்பமில்லாமல் இருக்கலாம். இரண்டும் அவருடைய பாடு, உங்களுடைய குற்றமாகிவிடாது.

தவறு யாருடையது என்பது மூன்று இடங்களில்தான் கணக்குக்கு வரும்: அவருடைய வண்டிச் சேதத்துக்கு உங்கள் காப்பீட்டிடம் அவர் கேட்கும்போது, காயத்துக்கு இழப்பீடு கேட்கும்போது, காவல்துறை வழக்குப் பதியும்போது. இந்த மூன்றிலும் கூடியிருந்தவர்களின் தீர்ப்புக்கு எந்த மதிப்பும் கிடையாது.

இன்னொன்று, மிக முக்கியமானது. நம் நாட்டு மோட்டார் பாலிசிகளின் நிபந்தனைகளில், காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பாலிசிதாரர் தவறை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ, பணம் கொடுக்கவோ கூடாது என்று இருக்கும். உங்கள் பாலிசியின் கடைசிப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். இன்று நீங்கள் 8,000 ரூபாய் கொடுத்து, நாளை அந்த அம்மையார் கழுத்து வலிக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டால், நீங்கள் கொடுத்த பணமே தவறை ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாகக் காட்டப்படும். நிறுவனமும் நிபந்தனையைக் காட்டித் தகராறு செய்ய இடம் கிடைக்கும். பணம் கொடுத்து முடித்துவிடலாம் என்ற அறிவுரை நல்லெண்ணத்தில் சொல்லப்படுகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் காயம் பற்றிய பேச்சு வந்துவிட்ட பிறகு அப்படிக் கொடுத்தால் எதுவும் முடியாது.

உங்கள் காரில் எந்த இடத்தில் என்ன சேதம், அவர் காரில் எந்த இடத்தில் என்ன சேதம் என்று விவரமாக எழுதுங்கள். வண்டியை இன்னும் பட்டறைக்குக் கொண்டுபோயிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நிறுவனம் பார்க்கும் முன் எதையும் கழற்றக்கூடாது.

காலடிப்பேட்டை ஆசிரியை

நன்றி ஐயா. என் காரின் பின் பம்பரில் வலப்பக்க மூன்றில் ஒரு பங்கு உள்ளே அமுங்கி, மூலையில் விரிசல் விட்டிருக்கிறது. டிக்கிக் கதவின் கீழ் விளிம்பில் சிறிய ஒடுக்கு. வலப்பக்கக் கதவிலோ பக்கவாட்டுத் தகட்டிலோ கீறல் எதுவும் இல்லை. அவருடைய காரில் முன் பம்பரின் இடப்பாதி நசுங்கி, இடப்பக்க விளக்கின் கண்ணாடி உடைந்திருந்தது. அவருடைய காரின் பக்கவாட்டை நான் படம் எடுக்கவில்லை, எண் பலகை தெரியும்படி முன்பக்கத்தை எடுத்திருக்கிறேன். தூரத்திலிருந்து எடுத்த ஒரு படத்தில் இரண்டு கார்களும், மீன்பாடி வண்டியும், எண் எழுதிய மெட்ரோ தூண் ஒன்றும் சேர்ந்து தெரிகின்றன. பட்டறைக்கு எடுத்துச் செல்லவில்லை. தெரிந்த ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் ஆகும் என்றார்.

ஓய்வுபெற்ற சர்வேயர்

நீங்கள் சொல்லும் விவரம் உங்களுக்கு உதவக்கூடியது. காரணத்தைச் சொல்கிறேன்.

இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருக்கும் காரைப் பின்னால் வலப்பக்கத்தில் வரும் கார் தொட்டால், முன்னால் இருக்கும் கார் சாய்கோணத்தில் நிற்கும். அப்போது அடி பெரும்பாலும் பின் சக்கரத்துக்கு மேலுள்ள பக்கவாட்டுத் தகட்டிலோ பின் கதவிலோ விழும். நீளமான உராய்வுக் கீறல் இருக்கும். மற்றவருடைய காரில் முன் சக்கரத்துக்கு மேலுள்ள இடப்பக்க பென்டர் உரசியிருக்கும். முன்னால் இருக்கும் கார் முழுவதுமாக வரிசைக்குள் வந்து நேராக நின்றுவிட்டால், பம்பர் பின்னாலிருந்து முன்னோக்கி அமுங்கும், பக்கவாட்டில் கீறல் இருக்காது. உங்கள் காரின் சேதம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இரண்டு பம்பர்களும் எவ்வளவு அகலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன என்பதும் ஒரு சாட்சி. மூன்றில் ஒரு பங்கு என்றால் அவர் உங்களுக்கு நேர் பின்னால் இல்லாமல் சற்று வலப்பக்கம் தள்ளி வந்திருக்கிறார், அல்லது கடைசி நேரத்தில் வலப்பக்கம் ஒடித்திருக்கிறார்.

இதை வைத்துத் தவறு முழுவதும் அவருடையது என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் வரிசைக்குள் வந்து எவ்வளவு நேரம் கழித்து அடி விழுந்தது என்பதைச் சேதம் சொல்லாது. வந்து அரை நொடியில் நின்றிருந்தாலும் இதே சேதம்தான் தெரியும். ஆகவே அந்தத் தூரப் படத்தை நன்றாகப் பாருங்கள். உங்கள் முன் சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா, மீன்பாடி வண்டியைத் தாண்டி உங்கள் கார் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, தரையில் கண்ணாடித் துண்டுகளும் பம்பருக்கு அடியிலிருந்து உதிர்ந்த மண்ணும் எங்கே கிடக்கின்றன என்று கவனியுங்கள். மோதல் நடந்த இடத்தை அந்த மண் காட்டிக்கொடுக்கும். மண்ணோடு வாதாட எவராலும் முடியாது.

அவருடைய பம்பர் உங்கள் பம்பரில் எந்த உயரத்தில் பட்டிருக்கிறது என்பதையும் அளந்து வையுங்கள். பிரேக்கை அழுத்தினால் காரின் மூக்கு தாழும். தாழ்ந்து பட்டிருந்தால் அவர் பிரேக் போட்டிருக்கிறார், அதாவது உங்களைப் பார்த்திருக்கிறார். தாழாமல் பட்டிருந்தால் பார்க்கவே இல்லை என்று கொள்ளலாம்.

எண்ணூர் சாலை ட்ரெய்லர்

நான் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் ட்ரெய்லர் ஓட்டுகிறேன். சர்வேயர் ஐயா சொல்வது எல்லாம் சரி. ஆனால் எங்களைப் போன்றவர்களின் நிலையையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நின்று நகர்ந்துகொண்டிருக்கும்போது, இடப்பக்கச் சந்தில் கார்களும் இரு சக்கர வண்டிகளும் புகுந்து வரும். எங்கள் கேபினிலிருந்து இடப்பக்க முன்சக்கரத்துக்கு அருகே ஓரிடம் கண்ணாடியில் தெரியவே தெரியாது. அங்கே ஒரு கார் நுழைந்து பம்பரில் கோடு விழுந்தால், பெரிய வண்டிக்காரன்தான் தவறு செய்தான் என்று கேட்காமலே முடிவு கட்டிவிடுகிறார்கள். சாவியைப் பிடுங்குகிறார்கள். லைசென்ஸைப் பிடுங்குகிறார்கள். எங்களுக்கு நடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. காவல் நிலையத்தில் அரை நாள் போனால் அந்த நடை போய்விடும், முதலாளி அதைக் கொடுக்க மாட்டார். அதனால்தான் தவறு இல்லாதபோதும் சட்டைப்பையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு நகர்கிறோம்.

தவறு யாருடையது என்று பிறகு நீதிமன்றம் சொல்லும் என்பது, காத்திருக்க முடிந்தவர்களுக்குத்தான் ஆறுதல். இதை யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆசிரியை அம்மாவுக்குக் காப்பீடும் படங்களும் இருக்கின்றன, அவர் பயப்படாமல் நிற்கலாம். எங்கள் ஓட்டுநர்களில் பலர் இப்போது கண்ணாடியில் டேஷ்கேம் மாட்டிக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள். என் வண்டியிலும் சொந்தச் செலவில் மாட்டியிருக்கிறேன். அது வந்த பிறகு சாவியைப் பிடுங்கும் கைகள் கொஞ்சம் தயங்குகின்றன.

உயர் நீதிமன்ற வளாகம்

வழக்கறிஞர் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்கிறேன். ட்ரெய்லர் ஓட்டும் நண்பர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். விபத்தில் சம்பந்தப்பட்ட மற்றவருக்கோ கூடியிருப்பவர்களுக்கோ உங்கள் சாவியையும் ஓட்டுநர் உரிமத்தையும் பறித்து வைத்துக்கொள்ள எந்த அதிகாரமும் இல்லை. கூட்டத்தின் கோபம் ஓர் உண்மையான ஆபத்து என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 134ஆம் பிரிவில், காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்று சொல்லும்போதே, கூட்டத்தின் ஆத்திரத்தால் அது இயலாமல் போகும் நிலைக்கு விலக்கும் தருகிறது. அப்படிப்பட்ட நேரத்தில் விலகிச் சென்று நேராகக் காவல் நிலையத்துக்குப் போவது தப்பியோடுவது ஆகாது. போகாமல் வீட்டுக்குப் போவதுதான் தவறாகும்.

அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒருவர் காயமடைந்தாலோ, மற்றவருடைய சொத்துக்குச் சேதம் ஏற்பட்டாலோ, அந்த இடத்தில் காவலர் இல்லையென்றால் ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் பாலிசி எண், நாள், நேரம், இடம், ஓட்டியவர் பெயர் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். பம்பர் சேதத்துக்கெல்லாம் யாரும் நிலையத்துக்குப் போவதில்லை என்பது நடைமுறை. ஆனால் கழுத்து வலி என்ற பேச்சு வந்துவிட்டதால், அம்மா, நேரம் கடந்திருந்தாலும் நீங்களே போய் எழுத்தில் ஒரு மனுக் கொடுத்துவிடுங்கள். வழக்குப் பதிய வேண்டும் என்று கேட்க வேண்டியதில்லை. நடந்ததை வரிசையாக எழுதி, படங்களை இணைத்து, சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையம் தரும் ஒப்புகை) பெற்றுக்கொள்ளுங்கள். விபத்து வழக்குகளைச் சென்னையில் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரிப்பதால், சட்டம் ஒழுங்கு நிலையத்திலிருந்து உங்களை அங்கே அனுப்பலாம். அதற்காகச் சலித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். முதலில் எழுதிக் கொடுத்தவர் என்ற பதிவு பின்னால் பெரிதும் உதவும்.

அவர் புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். கவனக்குறைவாக ஓட்டியதாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவும், காயம் இருந்தால் 125ஆம் பிரிவும் சேர்க்கப்படலாம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 279, 337 என்று இருந்தவை இவைதான். 2024 ஜூலை 1 முதல் எண்கள் மாறிவிட்டன. 281ஆம் பிரிவுக்கு அதிகபட்சம் ஆறு மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வழக்குப் பதிவானால் மோட்டார் வாகன ஆய்வாளர் உங்கள் வண்டியைப் பார்த்து பிரேக் முதலியவை சரியாக இருந்தனவா என்று அறிக்கை தருவார். புகார் கொடுத்தவர் சொல்வதைக் காவல்துறை அப்படியே உண்மையென்று ஏற்க வேண்டியதில்லை. உங்கள் மனுவும் விசாரணையில் சேரும்.

அந்த அம்மையாரின் கழுத்து வலியைப் பொய் என்று நாமாக முடிவு செய்யக்கூடாது. பின்னாலிருந்து இடித்த காரில் இருப்பவர்களுக்கும் கழுத்து குலுங்கும், வலி மறுநாள் தெரியவருவதும் உண்டு. அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள், அங்கே விபத்துப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார்கள், உண்மையான காயத்துக்கு இழப்பீடு கேட்கத் தீர்ப்பாயம் இருக்கிறது. சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றமே மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமாகச் செயல்படுகிறது. காரில் பயணியாக இருந்தவர்மேல் எந்தத் தவறும் இல்லை. இரண்டு ஓட்டுநர்களுக்கும் தவறில் பங்கு இருந்தாலும் அவர் எந்தத் தரப்பிடமிருந்தும் கேட்கலாம். தீர்ப்பானால் உங்கள் தேர்ட் பார்ட்டி காப்பீடு அதைக் கொடுக்கும், உங்கள் கைப்பணம் அல்ல. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற வரம்பு 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டிருப்பதால், இப்போதைய நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தவறைப் பற்றி நீதிமன்றங்கள் எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு இரண்டு தீர்ப்புகளைச் சொல்கிறேன். 2018இல் உச்ச நீதிமன்றம் விசாரித்த ஒரு வழக்கில், லாரிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து அடி இடைவெளியில் சென்ற கார், லாரி திடீரென்று பிரேக் போட்டதும் மோதியது. அந்த இடைவெளி போதாது, முன்னால் செல்லும் வண்டி திடீரென்று நின்றாலும் மோதாத அளவு தூரம் விட வேண்டியது பின்னால் வருபவரின் கடமை என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2025 ஜூலையில், 2017ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் நடந்த விபத்து பற்றிய வழக்கில், எச்சரிக்கை இல்லாமல் சாலை நடுவே காரை நிறுத்திய ஓட்டுநர்மீது 50 சதவீதமும், அதில் மோதி விழுந்த மோட்டார் சைக்கிள் மாணவர்மீது 20 சதவீதமும், அவர்மேல் ஏறிய பேருந்துமீது 30 சதவீதமும் பொறுப்பைப் பிரித்தது. பின்னால் இடித்தவர்மேல்தான் எப்போதும் தவறு என்ற பேச்சும், பெரிய வண்டிமேல்தான் எப்போதும் தவறு என்ற பேச்சும் சட்டத்தில் இல்லாதவை. வரிசை மாறுபவருக்கும் கடமை உண்டு, இடைவெளி விடாதவருக்கும் கடமை உண்டு. இருவரும் தவறியிருந்தால் பங்கு பிரிப்பார்கள்.

ராயபுரம் கடலோரம்

வழக்கறிஞர் ஐயா, விளக்கத்துக்கு நன்றி. காயம் பற்றிய பேச்சு வந்துவிட்டால் ரொக்கம் கொடுப்பது ஆபத்து என்பதை ஏற்கிறேன். ஆனால் காயமே இல்லாத மோதலில் என் கருத்து மாறவில்லை. 14,000 ரூபாய் வேலைக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் வாங்கினால் 45 சதவீத போனஸ் போய்விடும். அதில் லாபம் என்ன இருக்கிறது?

ஓய்வுபெற்ற சர்வேயர்

நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே பார்க்கலாம். நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 என்ற படிகளில் ஏறும், ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும் பொருந்தும். அம்மாவுக்கு இப்போது 45 என்றால் அடுத்த புதுப்பித்தலில் 50 ஆகும். கிளெய்ம் வாங்கினால் அடுத்த ஆண்டு பூஜ்யம், பிறகு மறுபடி 20, 25, 35, 45. ஆண்டுதோறும் இழக்கும் தள்ளுபடி 50, 30, 25, 15, 5 சதவீதம், கூட்டினால் 125. ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஐந்து ஆண்டுகளில் 10,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும்.

கிடைப்பது எவ்வளவு? ஜீரோ டெப்ரிசியேஷன் (தேய்மானம் கழிக்காத) வசதி இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பம்பரின் விலையில் பாதியைக் கழித்துவிடுவார்கள், பெயின்டிலும் ஒரு பகுதி கழியும். அதன்மேல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டும். 14,000 ரூபாய் வேலைக்குக் கையில் வருவது 10,000 ரூபாய்க்குக் கீழேயே இருக்கக்கூடும். அதனால் இந்த அளவுச் சேதத்துக்குக் கிளெய்ம் வாங்காமல் இருப்பதே அம்மாவுக்கு நல்லது என்று நானும் நினைக்கிறேன். போனஸைக் காக்கும் கூடுதல் வசதி பாலிசியில் இருந்தால் கணக்கு மாறும்.

ஆனால் கிளெய்ம் வாங்காமல் இருப்பது வேறு, தகவல் தெரிவிக்காமல் இருப்பது வேறு. இழப்பீட்டுப் பணம் பெற்றால்தான் போனஸ் போகும். விபத்து நடந்ததையும், எதிர்த்தரப்பு காயம் பற்றிப் பேசுவதையும், தற்போது ஓன் டேமேஜ் கேட்கவில்லை என்பதையும் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். நாளை தீர்ப்பாயத்திலிருந்து அறிவிப்பு வந்தால், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று நிறுவனம் கைவிரிக்க முடியாது. அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள்.

மாத்தூர் கடைக்காரர்

ஒரு சிறு விஷயம். சம்பவம் நடந்த இடத்தில் கடைகள் இருக்குமே, அவற்றின் சி.சி.டி.வி. பதிவை இன்றே போய்க் கேளுங்கள். ‘மூன்றாவது கண்’ என்று சென்னைக் காவல்துறை பிரசாரம் செய்த காலத்தில் நான் மணலிச் சாலையில் இருந்த என் கடையில் கேமரா வைத்தேன். வட்டு நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது பதிந்துவிடும், யாரும் கேட்காவிட்டால் தானாகவே போய்விடும். கடைக்காரர்கள் அந்நியருக்குப் பதிவைக் கொடுக்கத் தயங்குவார்கள், அது இயல்பு. பதிவை எனக்குக் கொடுக்க வேண்டாம், அழியாமல் தனியே எடுத்து வையுங்கள், காவல்துறை கேட்டால் கொடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். உங்கள் மனுவிலும் எந்தக் கடையின் கேமரா சாலையைப் பார்க்கிறது என்று எழுதிவிடுங்கள்.

காலடிப்பேட்டை ஆசிரியை

எல்லோருக்கும் என் நன்றி. மனுக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிட்டேன். முதலில் சென்ற நிலையத்தில் வேறு பிரிவுக்குப் போகச் சொன்னார்கள், வழக்கறிஞர் ஐயா முன்பே சொல்லியிருந்ததால் தயங்காமல் போனேன். நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். அங்கிருந்த ஹார்டுவேர் கடைக்காரர் பதிவைத் தனியே எடுத்து வைத்திருக்கிறார். அதில் என் கார் முழுவதும் நேரான பிறகு நின்றதும், பின்னால் வந்தவர் வேகம் குறைத்தும் நிறுத்த முடியாமல் போனதும் தெரிகின்றன. ஆனால் நான் வரிசை மாறியதற்கும் நின்றதற்கும் இடையே அதிக நேரம் இல்லை என்பதும் தெரிகிறது.

அந்தப் பதிவு இருப்பதைத் தொலைபேசியில் அவரிடம் சொன்னேன். ஸ்டான்லியில் காட்டச் சொல்லியும் கேட்டேன். மருத்துவர் பார்த்துவிட்டு, எலும்பில் எதுவும் இல்லை, தசைப்பிடிப்புதான் என்று சொல்லி மாத்திரை கொடுத்ததாக அவர் மனைவியே பேசினார். நல்ல முறையில் பேசினார். இப்போது அவரவர் வண்டியை அவரவர் சரிசெய்துகொள்வதாக எழுதிக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கும் சம்மதம். அந்தக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்று மட்டும் சொல்ல வேண்டுகிறேன்.

உயர் நீதிமன்ற வளாகம்

மகிழ்ச்சி அம்மா. கடிதத்தில் யார்மீது தவறு என்று ஒரு சொல்லும் வேண்டாம். நாள், நேரம், இடம், இரண்டு வண்டிகளின் பதிவு எண்கள், ஓட்டியவர்கள் பெயர், இரண்டு வண்டிகளின் சேத விவரம் ஆகியவற்றை எழுதுங்கள். தவறு பற்றி எந்தத் தரப்பும் எதையும் ஒப்புக்கொள்ளாமல், அவரவர் வண்டியின் பழுதை அவரவர் செலவில் பார்த்துக்கொள்ள இருவரும் சம்மதிப்பதாக ஒரு வாக்கியம் இருக்கட்டும். அவருடைய மனைவி மருத்துவமனையில் காட்டியதையும், மருத்துவர் சொன்னதையும் அவருடைய கையொப்பத்தோடு தனிப் பத்தியாக எழுதச் சொல்லுங்கள். இழப்பீடு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக அவரை எழுதச் சொல்ல வேண்டாம். அது நியாயமும் அல்ல, நீதிமன்றத்தில் நிற்கும் என்ற உறுதியும் இல்லை. பணம் எதுவும் கைமாறவில்லை என்று கட்டாயம் எழுதுங்கள்.

கையொப்பம் இடுவதற்கு முன் வரைவை நிறுவனத்துக்கு அனுப்பி, ஆட்சேபம் இல்லை என்று பதில் வாங்குங்கள். பிறகு இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு நிலையத்தில் கொடுத்தால் அவர்கள் மனுவை முடித்துவைப்பார்கள். முடித்துவைத்ததற்கும் எழுத்தில் ஒரு குறிப்பு கேளுங்கள். அதுவரை ஹார்டுவேர் கடைக்காரரின் பதிவு அழியாமல் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற சர்வேயர்

நிறுவனத்தின் பதில் வரும்வரை பம்பரை மாற்ற வேண்டாம். மாற்றும் நாளில் பழைய பம்பரை நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்து, பட்டறை ரசீதோடு சேர்த்து வையுங்கள். பம்பருக்கு உள்ளே இருக்கும் இரும்புத் தாங்கி வளைந்திருக்கிறதா என்று கழற்றியதும் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் 14,000 ரூபாய்க்குள் வேலை முடியாது, அப்போது கிளெய்ம் கணக்கை மறுபடி போட வேண்டிவரும்.